நட்சத்திரப் படிப்பு

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பெட்டியின் தரத்தை லேபிள் படத்தை வைத்து யாரும் சொல்வதில்லை. ஒரு குச்சியை உரசிப் பார்ப்பார்கள். பற்றினால் சரக்கு, இல்லாவிட்டால் நமுத்தது. இணையவழிப் படிப்புக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அங்கே லேபிள்தான் சரக்கு. எத்தனை லட்சம் பேர் சேர்ந்தார்கள், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பதே தரம்.

முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது மரியாதையில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர் என்று 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் கணக்கு வந்தது. இந்த விகிதத்தை நம்மூர் ஹெட்மாஸ்டர் காட்டியிருந்தால் அன்று சாயங்காலமே மெமோ வந்திருக்கும்.

நம் ஐ.ஐ.டி.க்காரர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் படிப்பு கொஞ்சம் விவரமானது. வீட்டிலிருந்து எழுதும் வாராந்தர ஒப்படைப்புக்கு 25 மதிப்பெண்தான். விடைகள் எந்த டெலிகிராம் குழுவில் உலவும் என்று அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. மீதி 75க்கு, “தேர்வு மையத்துக்கு நேரில் வா, தம்பி” என்கிறார்கள். இணையத்தில் பாடம் நடத்திவிட்டு, பரீட்சைக்கு மட்டும் இணையத்தை நம்பாத இந்தப் புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் பிள்ளைக்குப் படிப்பு விற்க ஆள் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் முடித்தார்கள்? பரீட்சை ஹாலில் யார் நின்றார்கள்? அவர் பதிலுக்குப் பளபளக்கும் சான்றிதழை நீட்டினால், சிவகாசியில் இதைவிட நன்றாக அச்சடிப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.