கச்சால் தீவுத் தக்காளித் தண்டில் தோன்றும் முண்டுகள்: ஓர் அவசர ஆய்வு

தக்காளியைப் பற்றி உலகம் ஏற்கெனவே போதிய அளவு சண்டை போட்டிருக்கிறது. 1753இல் லின்னேயஸ் அதைக் கத்தரியோடு ஒரே பேரினத்தில் சேர்த்தார். 1768இல் பிலிப் மில்லர் அதற்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தார். பின்னாளில் மரபணு ஆய்வாளர்கள் அதைக் கூட்டுக்குடும்பத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பழமா, காயா என்று விசாரித்து, சுங்கவரிக்குக் காய்தான் என்று தீர்ப்பு எழுதியது. ஆனால், கொல்லைச் செடியின் அடித்தண்டில் ஒரு சாண் உயரம்வரை வெளிறிய முண்டுகள் வரிசை கட்டினால் அவை என்ன என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

ஆய்வுக் களம் கச்சால். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே 400 கிலோமீட்டருக்கும் அப்பால், நிக்கோபார் மாவட்டத்தில் உள்ள தீவு. இதைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் மழை: இரண்டு பருவமழைகளும் இங்கே வந்து போகின்றன, இந்தத் தீவுக்கூட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. அடுத்த காரணம், இங்குள்ளவர்களின் கண். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையடுத்து இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பால் வெட்டுகிறவரின் கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும். பட்டையை அவ்வளவு உற்றுப் பார்த்த பரம்பரையின் கண்ணுக்குத் தக்காளித் தண்டின் முண்டு தப்புமா?

முன்னோர் கருத்துகள் எல்லாமே வேலியோரத்தில் வாய்மொழியாக நிலவுபவை. கண்ணூறு என்கிற கட்சி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும். செடிக்குச் சேதமில்லை என்பதால் அறிவுலகம் அதை ஆட்சேபிக்கவில்லை. பூச்சி முட்டை என்கிற கட்சிதான் ஆபத்தானது. அது உடனே மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்ளும்.

முண்டுகள் முட்டையல்ல, வேர்.

மழைநீர் தேங்கிய மண்ணில் காற்று இராது. வேருக்கு மூச்சுமுட்டும்போது எத்திலீன் என்னும் வாயு செடிக்குள் சேர்கிறது. வளர்ச்சி ஊக்கியான ஆக்சினும் அதோடு கைகோத்துத் தண்டின் உள்ளிருந்து புது வேர்களைக் கிளப்புகிறது. ஈரக்காற்று இருந்தால் அவை தோலை முட்டிக்கொண்டு வெளியே தலைகாட்டும். சோதிப்பது எளிது: அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்தால் முண்டுகள் நீண்டு வேராகிவிடும். நாற்று நடும்போது தண்டை ஆழப் புதைக்கிறவர்கள் பயன்படுத்திக்கொள்வதும் இதே குணத்தைத்தான்.

இங்கே ஆய்வு ஓர் இக்கட்டில் மாட்டுகிறது. பாக்டீரியா வாடல் நோய் பீடித்த செடியும் இதே முண்டுகளைக் காட்டும். ரால்ஸ்டோனியா என்ற கிருமி தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிட, இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு விழும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்தான் அதற்குச் சொர்க்கம். ஆகவே அந்தமான் நிக்கோபாரில் தக்காளிக்கு முதல் எதிரி இதுவே. இரண்டையும் பிரித்தறியத் தேவையான கருவி, தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளர். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு நறுக்கி, வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். நோய் இருந்தால் சில நிமிடங்களில் வெண்ணிற இழைகள் பால்போல் வழிந்து இறங்கும். ரப்பர் மரத்தில் பால் வழிந்தால் கூலி; தக்காளியில் வழிந்தால் செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். மருந்து கிடையாது. கிருமி மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் அந்த இடத்தில் அடுத்துக் கத்தரியோ மிளகாயோ வைப்பதும் வீண்.

ஏனைய விபரீதங்களைச் சுருக்கமாகப் பதிவு செய்யலாம். நுனியிலை கிண்ணமாகச் சுருண்டு மஞ்சளித்துச் செடி குட்டையானால், வெள்ளை ஈ சுமந்து வந்த இலைச்சுருள் வைரஸ். பழத்துக்கு மூக்கு முளைத்தால், கடும் வெப்பத்தில் பூ உருவானபோது ஓர் அறை கூடுதலாக அமைந்துவிட்டது, தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிளந்துகொண்டு தளிர் எட்டிப் பார்த்தால், உள்ளே இருந்த விதைகள் தூக்கம் கலைந்து முளைத்திருக்கின்றன.

பரிந்துரைகள்: மேட்டுப்பாத்தி அமைத்தல், கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சக்தி, முக்தி, அனகா முதலிய வாடல் தாங்கும் ரகங்களை நாடுதல். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வெள்ளத்தையும் வாடலையும் தாங்கும் கத்தரி வேரின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டச் சொல்கிறது. மில்லர் பிரித்துவைத்த சொந்தம் இப்படியும் சேர்கிறது.

இந்த ஆய்வின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். இரவு வெப்பம் 24 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். நிக்கோபாரின் பெரும்பாலான இரவுகள் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. ஆகையால் வேர், தண்டு, இலை மூன்றுக்கும் இங்கே ஏராளமான சான்றுகள் கிடைக்கும், காய்க்குத்தான் தட்டுப்பாடு. “தக்காளிச் செடியில் தக்காளி” என்ற இரண்டாம் தொகுதி அதனால் தள்ளிப்போகிறது. அதுவரை ரசத்துக்குக் கப்பலில் வருகிற பழம்தான்.