முதல் பிடி யாருக்கு?

குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரமே ஓடத் தொடங்கிவிடும். கடைக்காரருக்கு ஓட்டம், லாட்ஜ்காரருக்கு ஓட்டம், ஆட்டோக்காரருக்கு ஓட்டம். இத்தனை ஓட்டத்தில் ஆண்டவருக்கு எந்த இடம், அவரைப் பற்றி அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பிழைப்பு. அதிலும் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். ஆலயத்துக்குப் போனால் வியாபாரம் போகிறது. கடையில் இருந்தால் ஆராதனை போகிறது. என்ன செய்ய?
– பழக்கடைக்காரர், ஐந்தருவி சாலை

பதில்: அதிகாலை ஆராதனை நடக்கும் ஆலயத்தைத் தேடிப் போய்விட்டு வந்து கடையைத் திறங்கள். ரம்புட்டான் ஒன்பது மணிக்கும் ரம்புட்டான்தான். உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கும் ஞாயிறு உண்டு, அவனையும் அனுப்பிவையுங்கள்.

ஆனால் ஆண்டவருக்கான முதலிடம் ஆலயத்தோடு முடிகிற காரியம் இல்லை. ஓடு இறுகிப்போன மங்குஸ்தான் உள்ளே கெட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. அந்தப் பழத்தை அவர் பையில் போடாமல் தனியே ஒதுக்கும்போது, உங்கள் கடையில் முதலிடம் யாருக்கு என்று தெரிந்துவிடும். காலை ஆராதனையில் தொடங்கியதைத் தராசில் முடியுங்கள்.

கேள்வி: "கடவுளுக்கு முதலிடம் கொடுங்கள்" என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். விடிவதற்கு முன் அடுப்படிக்குப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வெளியே வருகிறேன். நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?
– இல்லத்தரசி, பாவூர்சத்திரம்

பதில்: அடுப்படியிலிருந்தே கொடுக்கலாம். நம் பாட்டிமார் அப்படித்தான் கொடுத்தார்கள். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். அதுதான் பிடி அரிசிக் காணிக்கை. சேர்ந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் உதவும். திருநெல்வேலிச் சபைகள் வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் வளரவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்துவைத்த இந்தப் பிடிகளாலும் வளர்ந்தன.

அவர்கள் சமைத்து, பரிமாறி, மிஞ்சியதை எடுக்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் பார்க்கும் முன்பே எடுத்தார்கள். எளிய வீட்டில் மிச்சம் என்று ஒன்று இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். நேரமும் அதே மாதிரிதான். எல்லா வேலையும் முடித்தபின் ஜெபிக்கலாம் என்றிருந்தால் தூக்கம்தான் வரும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஐந்து நிமிடம் எடுங்கள். அது உங்கள் நாளின் முதல் பிடி.

கேள்வி: கடவுளுக்கு முதலிடம் கொடுத்தால் வகுப்பில் எனக்கு முதலிடம் கிடைக்குமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், இலஞ்சி

பதில்: கணக்கில் முதலிடம் கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தம்பி. ஆண்டவர் உனக்குப் பதிலாகப் பரீட்சை எழுதமாட்டார். ஆனால் பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்க்காமல் நாற்பது மார்க் வாங்கினாய் என்றால், அன்றைக்கு அவருக்கு முதலிடம் கொடுத்துவிட்டாய். அடுத்த பரீட்சைக்கு ஐம்பது வாங்கப் படி.

கேள்வி: என் ஆட்டோவின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் இயேசுவின் பெயர் ஒட்டியிருக்கிறேன். சீசன் நேரத்தில் எல்லாரையும் போல நானும் இரண்டு மடங்கு கேட்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், குற்றாலம்

பதில்: ஏறும்போது பயணி ஸ்டிக்கரைப் படிக்கிறார். இறங்கும்போது உங்களைப் படிக்கிறார். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

கேள்வி: ஐந்தருவியில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். நாங்கள் வாலிபர் குழுவாகப் போய்த் துண்டுப்பிரதி கொடுக்கலாமா?
– வாலிபர், ஆலங்குளம்

பதில்: ஈரத்தலையோடு நடுங்கி நிற்பவருக்கு முதலில் துண்டு வேண்டும், பிரதியைப் பிறகு பார்க்கலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குற்றாலநாதரைக் கும்பிட வந்தவர்கள் அங்கே நிற்கிறார்கள். ஐந்தருவியிலேயே சாஸ்தா கோயில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் விரதத்தோடு நீராட வருகிறார்கள். ஒருவர் தம் பக்தியோடு நிற்கும் இடத்தில் நம் பிரதியை அவர் கையில் திணித்தால் அது சுவிசேஷமாக அவரைச் சேராது. தொந்தரவாகத்தான் சேரும்.

பத்துப் பேராகப் போங்கள். வழுக்கும் பாறையில் பாட்டிக்குக் கை கொடுங்கள். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட குழந்தையைப் போலீஸ்காரரிடம் சேருங்கள். தண்ணீர் போகும் வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி எடுங்கள். "நீங்கள் யார், ஏன் இதைச் செய்கிறீர்கள்?" என்று ஒருவராவது கேட்பார். அப்போது கூச்சப்படாமல் யாருக்காக என்று சொல்லுங்கள். நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கவும், அதைச் சாந்தமாகச் சொல்லவும் பேதுரு தம் முதல் நிருபத்தில் புத்தி சொல்கிறார். கேள்வி வரும்படி வாழ்வது நம் பங்கு.

கேள்வி: மதத்தைப் பற்றி வெளியே பேசினாலே குற்றம் என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

பதில்: இல்லை ஐயா. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தை ஏற்று நடக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, பரப்பும் உரிமைக்கு ஆதரவாக எழுந்து பேசியவர்களில் ஒருவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. தாம் சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் அவர் சபையில் சொன்னார். அந்த ஆசிரியர்கள் வகுப்பறையில் ஒழுங்காகப் பாடம் நடத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து, நாட்டின் சட்டம் உருவாகும் இடத்தில் அவர்களுடைய மாணவர் அவர்களுக்காகச் சாட்சி சொன்னார்.

1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் மதக் கொள்கைகளை எடுத்துச்சொல்லும் உரிமையே, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. சொல்ல உரிமை உண்டு, இழுக்க உரிமை இல்லை. சுவிசேஷமும் இதைத்தான் காட்டுகிறது. பணக்கார வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு அவனைக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. போகும் சுதந்திரம் இருந்தால்தான் வருவதற்கு மதிப்பு.

கேள்வி: நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அங்கே பிரசங்கம் பண்ண முடியாது. என் விசுவாசத்தை எப்படிப் பகிர்வது?
– செவிலியர், தென்காசி

பதில்: பண்ணவும் கூடாது. எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கிப்பது நியாயமல்ல.

பிரசங்கம் இல்லாமலும் பகிரலாம். களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். முதலில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் சுவிசேஷம் சொல்வதுதான் அவர் வேலை. 1901-இல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பித்து அவரிடம் வந்தாள். பின்னால் இன்னும் பல குழந்தைகள் வந்தார்கள். பால் புகட்டவும் துணி துவைக்கவும் இராக்கண் விழிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஊர் சுற்றிச் செய்த ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வி அவருக்கே எழுந்தது. சீடர்களின் கால்களைக் கழுவ இயேசு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டதில் அவருக்குப் பதில் கிடைத்தது. 1951-இல் இறக்கும்வரை அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. கல்லறைக் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, "அம்மை" என்று மட்டும் பொறித்தார்கள்.

ஊசி போடும்முன் "கொஞ்சம் வலிக்கும் தாத்தா" என்று சொல்கிறீர்கள் அல்லவா? அங்கிருந்தே தொடங்குங்கள். கேட்க யாருமில்லாத நோயாளியின் படுக்கை விரிப்பை முதலில் மாற்றுங்கள். உங்கள் ஜெபம் மனதுக்குள் நடக்கட்டும்.

கேள்வி: தினம் பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். இது ஊழியம்தானே?
– கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: அந்தப் பத்துப் பேரில் இன்றைக்கு யாருக்குக் காய்ச்சல்? தெரிந்தால் ஊழியம். தெரியாவிட்டால் இன்று வசனத்துக்குப் பதில் ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: என் தோழி முஸ்லிம். நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். நான் கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் கேக்கும் கொடுப்பேன். இயேசுவைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. நான் கடமை தவறுகிறேனா?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: கஞ்சியைக் குடித்துவிட்டு, நோன்பு அவளுக்கு என்ன தருகிறது என்று கேளுங்கள். முழுதாகக் கேளுங்கள். அவளும் ஒருநாள் உங்களைக் கேட்பாள். அப்போது உங்கள் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைப்பது நட்புக்கு அழகல்ல. அவள் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் அடுத்த கிறிஸ்துமஸுக்கும் முறுக்கு போகவேண்டும்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். அப்போது அவருக்கு வயது 35. "நீங்கள் எத்தனையோ தியாகம் செய்துவிட்டீர்கள். இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். நட்பில்லாத ஊழியத்தில் என்ன குறைகிறது என்பதை அவர் அனுபவித்து அறிந்திருந்தார். அந்தக் குறை உங்களிடம் இல்லை.

கேள்வி: தசமபாகம் தவறியதில்லை. இந்த வருஷம் சாரல் பொய்த்தது, அறைகள் காலி, கடன் ஏறிவிட்டது. முதலிடம் கொடுத்தவனை ஆண்டவர் இப்படி விடலாமா?
– லாட்ஜ் நடத்துபவர், குற்றாலம்

பதில்: உங்கள் வருத்தத்தை அவரிடமே சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள். சங்கீதங்களில் பல அப்படி எழுந்த குரல்கள்தான். ஆனால் காணிக்கை இன்ஷூரன்ஸ் பிரீமியம் அல்ல, நஷ்டம் வந்தால் நீட்டிக் காட்ட. அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் சொன்னது விளைச்சல் இல்லாத வருஷத்தை மனதில் வைத்துத்தான்.

இன்னொன்றும் செய்யுங்கள். கடனைப் பற்றிச் சபையில் இரண்டு பேரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். கொடுத்தே பழகியவருக்கு வாங்குவது கஷ்டம். ஆனால் ஒருவர் சுமையை ஒருவர் சுமக்கத்தான் சபை.

கேள்வி: நான் அதிகம் படிக்கவில்லை. பத்துப் பேர் முன்னால் பேச நாக்கு எழாது. நானெல்லாம் எப்படிச் சாட்சி சொல்வது?
– விவசாயத் தொழிலாளி, சுரண்டை

பதில்: 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நம் சபை மக்கள் தங்கள் சொந்தக் காசில், தங்கள் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். மேலே சொன்ன அசரியாவும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அவர் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத ஏழை உழைப்பாளிகள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைக்கச் சொல்லி, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தாங்களே தங்கள் வாயால் சொல்லவைப்பார். படித்து முடித்துவிட்டு வாருங்கள் என்று அவர் யாரையும் காக்கவைக்கவில்லை.

பத்துப் பேர் முன்னால் நீங்கள் பேசவேண்டாம். உங்களோடு களை எடுப்பவர் ஒருவர் போதும். ஆண்டவர் உங்கள் வீட்டில் என்ன செய்தார் என்பதை, நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம். நீங்கள் சொல்வது உண்மைதான் என்று உங்களோடு வேலை செய்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.