ஆயிலா, கேஸா?

எண்பதுகளில் அம்பாசிடருக்கு சாக் அப்சர்பர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முன்னாடியா, பின்னாடியா?" பதில் சொன்னதும் மேல் தட்டிலிருந்து ஒரு ஜோடியை இறக்கி, பழைய பேப்பரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார். என்ன கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. 1961-இல் மும்பையில் தொடங்கிய கேப்ரியல் கம்பெனியின் பெயரையே பல மெக்கானிக்குகள் பொருளின் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் கடையும் எங்கள் ஊரான சின்னசேலத்தில் கிடையாது. சேலத்தில்தான். மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, அப்பாவிடம் பணம் வாங்கி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். சாயங்கால பஸ்ஸில் பொட்டலம் வந்து இறங்கும். இறங்காவிட்டால் மறுநாள். கண்டக்டர் லீவு என்றால் அடுத்த வாரம். அதுவரைக்கும் வண்டி செத்த சாக்கோடுதான் ஓடும். கல்யாணத்துக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கும் ஏறும். பின் சீட்டில் பாட்டி, பெரியம்மா, மடிக்கு ஒரு பிள்ளை. மலை இறங்கி வந்தபின் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோடு போட்டவனைத் திட்டுவார்களே தவிர, வண்டியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

அதற்குக் காரணம் விசுவாசம் மட்டும் அல்ல. அம்பாசிடரின் பின்பக்கம் பட்டை. அதாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புத் தகடுகள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்தத் தகடுகள் ஒன்றோடொன்று உரசும். வண்டி மேலும் கீழும் ஆடுவதை அந்த உரசலே ஓரளவு அடக்கிவிடும். ஸ்பிரிங்கின் வேலை பாரத்தைச் சுமப்பது, சாக்கின் வேலை ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் பார்த்துக்கொள்வது. சாக் செத்தாலும் அதன் வேலையில் பாதியைப் பட்டையே பார்த்துக்கொண்டது. எங்கள் அப்பா "அம்பாசிடர்னா அம்பாசிடர்தான்" என்று பெருமைப்பட்டதில் பெரும்பங்கு இந்த உரசலுக்குச் சேர வேண்டியது.

ஆனால் உரசினால் கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் அப்பாவுக்கு ஆகாது. மெக்கானிக் ஒரு டப்பாவில் கழிவு ஆயிலை எடுத்து, பிரஷ்ஷால் பட்டை முழுக்க அடித்துவிடுவார். சத்தம் நின்றுவிடும். உரசலும் போய்விடும். வண்டி தொட்டில் கட்டி ஆடும். "சாக் போயிடுச்சுங்க ஐயா" என்று அவரே அடுத்த சீட்டு எழுதுவார். இதில் ஏமாற்று ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு வைத்தியத்தையும் அவர் மனசார நம்பித்தான் செய்தார்.

இந்தக் காலத்துக்கு வருவோம். இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஊர் நகராமலேயே தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலை அகலமாகி, ஊருக்கு வெளியே பைபாஸ் ஆகி, காசு கட்டிப் போகிற ரோடாகிவிட்டது. அம்பாசிடரை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் ஜனவரியில் மாருதி 800-ஐயும் நிறுத்தினார்கள். நான் வைத்திருப்பது தொண்ணூறுகளின் கடைசியில் வந்த 800. எடை சுமார் 650 கிலோ. அதன் முன் சாக் கையை விட்டபோதுதான், நல்ல ரோட்டில் ஓடும் சின்ன வண்டிக்கு எத்தனை வகை சாக் உண்டு என்று தெரியவந்தது.

போய்விட்டது என்று எப்படித் தெரியும்? போனட்டின் ஒரு மூலையில் கையை ஊன்றி அமுக்கிவிட்டு எடுத்தால், வண்டி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். என் வண்டி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. பிரேக் அடித்தால் மூக்கு குத்தியது. டயரில் கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. 800-க்குப் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். காப்பாற்றுவதற்குப் பட்டையின் உரசல் கிடையாது.

கடையில் கவுன்ட்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். "கார்ப்பரேட்டரா சார், எம்பிஎஃப்ஐயா?" சாக் மாற்ற வந்தவனிடம் கார்ப்பரேட்டர் எதற்கு என்றால், கம்ப்யூட்டர் கேட்கிறது, அவன் கேட்கிறான். "கம்பெனி ஒரிஜினலா, வெளி கம்பெனியா? ஆயிலா, கேஸா? அசெம்ப்ளியாவா, தனியாவா? மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் சேர்த்துப் போட்டுடவா?" இதற்கு நடுவே என் கைபேசியில் சென்னை ஜி.பி. ரோடு விலையும் டெல்லி காஷ்மீரி கேட் விலையும் போட்டி போட்டன. டப்பாவில் ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது தனிப் பாடம்.

கேஸ் சாக்கை ஒன்று காட்டினான். தண்டை உள்ளே அழுத்திப் பட்டை போட்டுக் கட்டியிருந்தது. கட்டை வெட்டியதும் தண்டு மெல்ல, புற்றிலிருந்து பாம்பு தலைநீட்டுகிற மாதிரி, தானாக மேலே வந்தது. உள்ளே எண்ணெய்க்கு மேல் நைட்ரஜனை அழுத்தி அடைத்திருப்பதால் அப்படி. வேகமாக ஓடும்போது எண்ணெய் சூடாகி நுரை கட்டும். நுரைத்த எண்ணெய் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தாது. வாயுவின் அழுத்தம் நுரை வராமல் காக்கும். "லேட்டஸ்ட் டெக்னாலஜி சார்" என்றான். பில்ஸ்டீன் கம்பெனி வாயு அடைத்த சாக்கை பென்ஸ் காருக்குக் கொடுத்தது 1957-இல். உத்தரபாராவில் அம்பாசிடர் பிறந்த காலம். சின்னசேலத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நாள் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கண்டக்டர் லீவு போலிருக்கிறது.

என் மெக்கானிக் எண்பதுகளின் கழிவு ஆயில்காரர் அல்ல. அவரிடம் தொழில் பழகியவர். அறுபதைத் தாண்டியவர். "கேஸ் போட்டா வண்டி கொஞ்சம் விறைப்பா நிக்கும் தம்பி. பைபாஸ்ல நூறுல ஓட்டுறவனுக்கு அது சரி. நீங்க மார்க்கெட்டுக்கும் மலைக்கும் போறவரு. உங்களுக்கு ஆயிலே போதும், அதையே போடுங்க. ஆனா ஜோடியா மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் கிழவன்னா வண்டி நொண்டும்." எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இலேசான வண்டி, மென்மையான ஸ்பிரிங், வயதான உடம்பு. இதற்கு விறைப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நாலு சாக்கும் ஆயில்.

அவர் மாட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். டப்பாவில் படுத்தே கிடந்ததால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும் என்று, ஒவ்வொரு சாக்கையும் நேராக நிறுத்தி, தண்டை இழுத்தும் அழுத்தியும் காற்றை வெளியேற்றினார். முதல் இரண்டு அழுத்தில் தொளதொளவென்று இறங்கிய தண்டு, பிறகு ஒரே சீராகக் கனத்து இறங்கியது. தண்டு சுற்றாமலிருக்கப் பக்கத்துப் பையன் கட்டிங் பிளேயரால் அதைப் பிடிக்கப் போனபோது கையில் ஒரு தட்டு விழுந்தது. மெருகேறிய தண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது உள்ளே போய்வரும் ஒவ்வொரு முறையும் சீலைக் கிழித்து எண்ணெயைக் கக்கவைத்துவிடும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கியதும் ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் பாரம் தாங்கி நின்றபிறகுதான். தொங்கலில் முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். முன்பக்கம் கழற்றியதால் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

இத்தனை கேள்வி, இத்தனை டப்பா. கடைசியில் நான் வாங்கியது, ஒரே ஒரு கேள்வி கேட்ட அந்தக் காலத்துக் கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கக்கூடிய அதே வகை.

கச்சிராயபாளையம் ரோட்டில், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். வண்டி வேகத்தடையில் ஏறி, இறங்கி, அடங்கி நின்றது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு வந்தார். "சாக்கு பேசுறது நின்னதும் பாருங்க, லோயர் ஆர்ம் பேசுது" என்றார். எனக்கும் கேட்டது, இடது பக்கம், டக் டக் என்று.

"மாத்திடலாமாண்ணே?"

"மாத்தலாம். அதுல மூணு கம்பெனி வருது."