ஐலசா அண்ணாச்சி

பீரோ நகர்த்த நாலு பேர் போதும் என்றால் ஐந்தாவதாக வந்து நிற்பவர்தான் ஐலசா அண்ணாச்சி. தெருவுக்கு ஒருவர் உண்டு. கூப்பிடவே வேண்டாம், நாலு தலை தெரிந்தால் தானே வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டும் தோரணையைப் பார்த்தால் பீரோவை ஒற்றைக் கையில் தூக்கிவிடுவார் என்றே தோன்றும்.

அவர் பீரோ பிடிக்கும் கலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அடியில் விரலைக் கொடுத்துக் குனிந்திருப்பார்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். அண்ணாச்சியின் உள்ளங்கையோ பீரோவின் பக்கவாட்டில், ஆசீர்வாதம் செய்வதுபோலப் பதிந்திருக்கும். வாய் மட்டும் ஓயாது. "ஐலசா! ஏ தம்பி, அந்தப் பக்கம் இறக்காத! நிலைப்படி, நிலைப்படி... கண்ணாடி, பாத்து!"

பீரோ தரையைத் தொட்டதும் முதல் 'அப்பாடா' அவருடையது. முதல் செம்புத் தண்ணீரும் அவருக்கே. "நாம நாலு பேர் இல்லேன்னா இது நடக்குமாய்யா?" என்பார். அந்த நாலில் விடுபட்டவர் யார் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவரைச் சோம்பேறி என்று சொன்னால் வாய் அழுகிவிடும். தன் வீட்டு கேஸ் சிலிண்டரை, உள்ளே 14.2 கிலோ எரிவாயுவோடு, தனி ஆளாகத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோகிறவர் அவர். கூட்டத்தில் நின்றால்தான் அந்தத் தெம்பு எங்கோ போய்விடுகிறது.

இதில் அவருக்கு உலகமெங்கும் பங்காளிகள் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1880களிலேயே ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குப் பாதி பலம்தான் தேறியது. ஒரே நேரத்தில் இழுக்காததால் பலம் சிதறியிருக்கலாம் என்று வக்காலத்து வாங்கலாம். அதற்கும் 1974இல் அமெரிக்காவில் ஆப்பு வைத்தார்கள். ஒருவருடைய கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, தனியாகவே இழுக்கவிட்டார்கள். அப்போதும் இழுப்பு தளர்ந்தது. 1979இல் பிப் லட்டானேயின் குழுவினர் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தார்கள். ஆள் கூடக்கூட, ஒவ்வொருவர் சத்தமும் இறங்கியது. இந்த ஓரிடத்தில் மட்டும் நம் அண்ணாச்சி ஆராய்ச்சிக்கு அடங்காதவர்.

வைத்தியமும் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படும் என்று சொன்னதும் ஓபி அடிப்பது நின்றுபோனது.

கல்யாணப் பந்தியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். "பரிமாற எல்லாரும் வாங்கப்பா" என்று பொதுவாகச் சொன்னால், அண்ணாச்சி தூணில் சாய்ந்தபடி, "ஏய், அங்க அப்பளம் வைக்கல பாரு" என்று மேற்பார்வை பார்ப்பார். "அண்ணாச்சி, மூணாவது வரிசை சாம்பார் உங்க பொறுப்பு" என்று வாளியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். ஆளே மாறிவிடுவார். இலையைக் கையால் மறைத்து "போதும், போதும்" என்று கெஞ்சினாலும் விரல் இடுக்கில் ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். ரசம் கேட்டவனுக்கும் சாம்பார்தான் விழும்.

பந்தி முடிந்ததும் காலி வாளியைக் கவிழ்த்துக் காட்டிச் சவால் விடுவார்: "மூணாவது வரிசையில ஒருத்தனாவது சாம்பார் பத்தலைன்னு சொல்லட்டும் பாப்போம்!"