ஒரு வீசைத் தத்துவம்: தோளில் ஏறும் கேமரா குறித்த ஆய்வுரை

தமிழர் தோள் எதையெல்லாம் சுமந்தது என்று எழுதிய அறிஞர்கள் வில், மாலை, மேல்துண்டு என்று வரிசையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டனர். டிஜிட்டல் சினிமா கேமராவை ஒருவரும் சேர்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு. களம் காரைக்குடியும் அதைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்களும். காலம், யூனிட்டில் இட்லி தீர்ந்ததிலிருந்து வெளிச்சம் போகும்வரை.

களத்தை இங்கே அமைத்ததற்குச் சரித்திரக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தம் படவேலைகளைச் சென்னையிலிருந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1947-இல் வெளியான ‘நாம் இருவர்’ இங்கே எடுத்த படம். அந்நாளைய ஸ்டூடியோ கேமராக்கள் ஸ்டாண்டை விட்டு இறங்காத பெரிய மனிதர்கள். ஒளிப்பதிவாளரின் தோளுக்கும் அவற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கையில் எடுத்துச் சுழலக்கூடிய ரிஃப்ளெக்ஸ் கேமராவை ஜெர்மனியின் ஆரி நிறுவனம் 1937-இலேயே லைப்சிக் கண்காட்சியில் வைத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் தோளுக்கென்று ஒரு சாத்திரம் வேண்டும் என்ற நெருக்கடி, கேமரா இளைத்த பிறகுதான் வந்தது. ஆரியின் அலெக்ஸா மினி வெறும் உடலாக 2.3 கிலோ. இவ்வளவு மெலிந்ததைத் தோளில் வைத்தால் நிற்காது. நிற்பதற்காகக் கூண்டு, ராடு, பேஸ்பிளேட், கைப்பிடி, மேட் பாக்ஸ், மானிட்டர் என்று பூட்டுகிறோம். பூட்டி முடித்ததும் பழைய எடை திரும்பிவிடுகிறது. முன்னேற்றம் என்பதை இத்துறை இவ்வாறுதான் புரிந்துவைத்திருக்கிறது.

பூட்டியதை எப்படிச் சமன் செய்வது? இதில் இரு தரப்பு உண்டு.

முதல் தரப்பைக் காவடிக் கட்சி எனலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்கள். பல தலைமுறையாக இந்தப் பாதையில் தோள் பழகியிருக்கிறது. எனவே முன்னே எவ்வளவோ பின்னே அவ்வளவு என்பதே விதி, லென்ஸ் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ பேட்டரிப் பக்கம் ஏற்று என்பது இவர்கள் வாதம். பக்தி மிகுந்த வாதம். ஆனால் காவடி நடுத்தண்டில் தோளேறுகிறது, இரு கைகளும் ஒரே நீளம். இந்தத் தோள் வலித்தால் அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேமராவில் வ்யூஃபைண்டர் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் வலத்தோளை விட்டு அது இறங்காது. இந்த ஒரு காரணமே காவடிக் கட்சியைத் தோற்கடிக்கப் போதும்.

இரண்டாம் தரப்பு வெள்ளிக்கோல் கட்சி. வட்டியையும் எடையையும் வைத்து வாழ்ந்த ஊரில் இதற்கு ஆதரவு அதிகம் இருப்பதில் வியப்பில்லை. வெள்ளிக்கோலில் ஒரு பக்கம் கை குட்டை, மறு பக்கம் நீளம். பிடி நகர்ந்தால் சின்ன எடை பெரிய சரக்கைத் தூக்கி நிறுத்தும். எடையைத் தூரத்தால் பெருக்கு, இரு பக்கமும் ஒத்துப்போகிறதா பார், அவ்வளவே கணக்கு.

கணக்கைப் போட்டே காட்டிவிடலாம். கேமரா, லென்ஸ், மேட் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 4.5 கிலோ என்று கொள்வோம். அதன் கனம் குவியும் இடம் தோளின் நடுவிலிருந்து 14 சென்டிமீட்டர் முன்னால். பேட்டரி 25 சென்டிமீட்டர் பின்னால். 4.5-ஐ 14-ஆல் பெருக்க 63. அதை 25-ஆல் வகுத்தால் பின்னே 2.5 கிலோ தேவை. காவடிக் கட்சிக்காரர் உடனே மளிகைக் கடைக்கு ஆளனுப்பி இரண்டு கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி டேப் சுற்றி ஒட்டுவார். வெள்ளிக்கோல் கட்சிக்காரர் ஓர் அங்குலத் திருகைத் தளர்த்தி, ஒட்டுமொத்த அமைப்பையும் பேஸ்பிளேட்டின் மேல் 5 சென்டிமீட்டர் பின்னே தள்ளுவார். முன்னே 14 என்பது 9 ஆகிறது, பின்னே 25 என்பது 30 ஆகிறது. 40.5-ஐ 30-ஆல் வகுத்தால் 1.35 கிலோ. பெரிய வி-லாக் பேட்டரி ஒன்றும் அதன் தகடும் ஏறக்குறைய அவ்வளவு வரும். கல்லைக் கடைக்காரரிடமே திருப்பித் தரலாம்.

இந்த 1.35 கிலோவில்தான் ஆய்வின் சிகரம் உள்ளது. மெட்ரிக் முறை வருமுன் மதராஸில் வழங்கிய ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. அதாவது சரியாகச் சமன் செய்த கேமராவின் பின்சுமை ஒரு வீசை! முன்னோர் இதை அறிந்தே அளவை வகுத்தனர் என்று இவ்வாய்வாளர் எழுதத் துணிந்த வேளையில், பர்மா குறுக்கிட்டது. ரங்கூனில் கொண்டுவிற்ற செட்டியார்கள் புழங்கிய பர்மா வீசை 1.63 கிலோ. அந்த வீசையை ஏற்றினால் கேமரா வானம் பார்க்கும். ஆகவே ஒரு வீசைத் தத்துவம் வங்காள விரிகுடாவுக்கு இக்கரையில் மட்டுமே செல்லும் என்று வரையறுக்கப்படுகிறது.

சோதனை முறை எளிது. எல்லாம் பூட்டிய பிறகே செய்ய வேண்டும். ஃபில்டர், மைக், கேபிள் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. தோளில் ஏற்றி, காலைக் கொஞ்சம் அகட்டி நின்று, இரு கையையும் விட வேண்டும். உதவியாளர் லென்ஸுக்குக் கீழே கையேந்தி நிற்பார். மேட் பாக்ஸ் மெல்லத் தலை கவிழ்ந்தால் ஒரு விரற்கடை பின்னே தள்ளு. தலை நிமிர்ந்தால் முன்னே. கடைசியில் முன்பக்கம் துளி கனமாக இருக்கும்படி விட்டுவிட வேண்டும். துல்லியமாக நின்ற கேமரா சும்மா இருக்காது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடும். கொஞ்சம் கனம் கையில் இறங்கினால்தான் முழங்கை விலாவில் ஒண்டும், படமும் அடங்கும். முழுச் சமநிலை என்பது ஆய்வுக்கட்டுரைக்கு அழகு, ஷாட்டுக்கு ஆகாது.

இவ்வளவுக்கும் பிலிம் காலத்தவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடியும். ஓட ஓட மேகசினின் முன்னறையிலிருந்த கனம் பின்னறைக்குப் போய்ச் சேரும். ஷாட்டின் தொடக்கத்தில் இருந்த சமநிலை முடிவில் இருக்காது. டிஜிட்டலில் அந்தத் தொல்லை ஒழிந்தது. சார்ஜ் இறங்கினாலும் பேட்டரியின் எடை இறங்குவதில்லை. (இதை நம்பாத புரொடக்‌ஷன் மேனேஜர்கள் உண்டு.)

துண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டுத் தோள் பேட் எவ்வளவு விலையானாலும் அதன் கீழே நாலாக மடித்த ஈரிழைத் துண்டு ஒன்று போகும். வேர்வையை அது வாங்கிக்கொள்ளும், வழுக்கலைத் தடுக்கும், மதியம் சாப்பிட்ட கையையும் துடைக்கும்.

இனிக் களச்சோதனை. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசலுக்கு நேர் வாசலாகப் பின் தெரு வரை பார்வை ஓடும். இந்த வீட்டைப் பார்த்த எந்த இயக்குநருக்கும் ஒரே ஷாட்டில் கடைசிவரை போகும் ஆசை வராமல் இருந்ததில்லை. ஆனால் வீட்டைக் கட்டியவர்கள் ஒளிப்பதிவாளரை எண்ணிக் கட்டவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்தெடுப்பது. அதன் வழவழப்பே அதன் பெருமை. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றச் சொல்வார், அதுவும் நல்லதற்கே. வெறுங்காலுக்குத் தரை தெரியும். கண் வ்யூஃபைண்டரில் இருப்பதால் படி தெரியாது. பின்னால் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வரும் உதவியாளர் “படிண்ணே” என்று மூச்சாகச் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்குக் கால் தூக்கும்போது இடுப்பு ஏறி, தோள் சாய்ந்து, அதுவரை செய்த கணக்கு அத்தனையும் பக்கவாட்டில் சரியும். முன்பின் சமநிலையையே பேசும் சாத்திரம் இடவலத்தை மறந்ததன் தண்டனை இது. இடப்பக்கம் மானிட்டர் தொங்கினால் வலப்பக்கம் வயர்லெஸ் பெட்டியைப் பூட்டுவது பரிகாரம். உள்வாசல்கள் சில தாழ்வானவை. மேல் கைப்பிடியில் மைக் நிமிர்ந்து நின்றால் பர்மா தேக்கு அதை அறியும்.

ஆறாவது டேக்கில் எல்லாம் கூடி வரும். அப்போது இயக்குநர் மானிட்டரிலிருந்து எழுந்து வந்து, “நல்லாருக்கு, இதையே ஜூம் போட்டு ஒண்ணு எடுத்துக்கலாமா?” என்பார். ஆஞ்சென்யூ நிறுவனத்தின் 24–290 ஜூம் லென்ஸ் மட்டுமே சுமார் 11 கிலோ. அதைத் தோளில் ஏற்றுவது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதற்கு டிரைபாட் இருக்கிறது, அது வேனில் இருக்கிறது, வேன் டீ வாங்கப் போயிருக்கிறது.