பிரேக்கப் என்னும் வினைக்குத் தாம்பரத்தில் வழங்கும் உருதுப் பொருள்கள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

காதலர் பிரிவதைக் குறிக்க ஆங்கிலத்துக்கு 'பிரேக்கப்' என்ற ஒரே வினை போதும். தாம்பரத்தில் அதை விளங்கிக்கொள்ள ஐந்து உருதுச் சொற்களாவது வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. களம், சேலையூர் கேம்ப் ரோடு முதல் தாம்பரம் ரயில் நிலையம் வரை. 1937இல் கிறித்தவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்ததிலிருந்து இக்களத்தில் தரவுப் பஞ்சம் இருந்ததே இல்லை.

சிக்கலை முதலில் முன்வைத்தவர் ஒரு சேலையூர்ப் பாட்டி. பேத்தி "பிரேக்கப் ஆயிடுச்சு பாட்டி" என்றதும் அவர் கேட்டார்: "ரத்தா, வாபஸாடி?" பேத்தியிடம் பதில் இல்லை. ஆய்வுலகிலும் இல்லை.

பாட்டிக்கு உருது எங்கிருந்து வந்தது? ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தது 1763இல். நவாப் போனார், கம்பெனியும் போனது; கச்சேரிச் சொற்கள் மட்டும் காலி செய்யவில்லை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திடமிருந்து செங்கல்பட்டு பிரிந்தபோதும் பிரிந்தது 'ஜில்லா'தான், அதற்குள் இருப்பவை 'தாலுகா'தான். (இவற்றின் வேர் அரபி, பாரசீகம் என்று பண்டிதர்கள் ஆட்சேபிப்பார்கள். உருதுவிலும் புழங்குவதால் உருதுக் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.)

இனிப் படிநிலைகள். முதலாவது தகராறு. அரபி மூலத்தில் இதற்குத் 'திரும்பத் திரும்பச் செய்தல்' என்று பொருள். "நேத்து நைட்டு ஆன்லைன்ல இருந்தியே, ஏன் ரிப்ளை பண்ணல?" என்ற கேள்வியை வாரம் நான்கு தடவை கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது ரத்து. ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புப் பணிக்காக மின்சார ரயிலுக்கு நேர்வதே சினிமா டிக்கெட்டுக்கும் நேர்கிறது.

வாபஸ்தான் ஆய்வாளனுக்கு விருந்து. பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று கைமாறும். உள்ளே ஒரு ஹூடி, ஒரு சார்ஜர், பாதி தீர்ந்த சென்ட் பாட்டில். பையன் பையைத் திறந்து சரிபார்ப்பான். பெண் பீச் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சரிபார்ப்பதில்தான் பாக்கி என்ற கிளைப்பிரிவு முளைக்கிறது: "அன்னைக்கு பிரியாணிக்கு நான்தானே ஜிபே பண்ணேன்?"

இத்தனைக்கும் பிறகு ஒருவர் மாஜி ஆகிறார். 'கடந்துபோன' என்று பொருள்படும் இச்சொல் அமைச்சர்களுக்கே ஒதுக்கப்பட்டிருப்பது அநியாயம். எக்ஸ் என்பது கணக்குப் பாடத்தில் கண்டுபிடிக்க வேண்டிய ஆள். மாஜிக்கு ஒரு பதவி வகித்த மரியாதையாவது மிஞ்சுகிறது.

ஆய்வு முட்டி நிற்கும் இடம் ராஜினாமா. தமிழில் இது பதவியை விட்டு விலகுவது. உருதுவிலோ 'ராஜி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் பத்திரம். வழக்காடியவர்கள் சமாதானமாகி எழுதிக்கொள்வதே ராஜினாமா. ஆக, பிரேக்கப்புக்கும் பேட்ச்அப்புக்கும் ஒரே சொல். சேலையூர்ப் பேத்தி நாளைக்கே "ராஜினாமா" என்று ஒற்றை வரியில் வாட்ஸ்அப் அனுப்பினால், பையன் தாடி வளர்ப்பதா, மறுபடியும் பிரியாணி வாங்குவதா என்பதை அவன் வீட்டில் உள்ள அகராதிதான் முடிவு செய்யவேண்டும்.