ஏஜென்ட்டுக்குப் புரியணுமாம்!

(மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் ஒரு டீக்கடை. ஒருவர் மைக் செட்காரர். மற்றவர், மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆவணம் எழுதித் தரும் தம்பி.)

மைக் செட்காரர்: இன்னா தம்பி, டீ ஆறிப்போவுது. லேப்டாப்புல அப்படி இன்னாத்த எழுதினு கீற?

தம்பி: நிகழ்ச்சி தேடுற டூல் அண்ணே. ஊர்ல எங்கே என்ன விழான்னு கண்டுபிடிச்சுக் கொடுக்கும். அதுக்கு விளக்கம் எழுதுறேன்.

மைக் செட்காரர்: ஜனங்க படிக்கிறதுக்கா?

தம்பி: இல்லண்ணே. ஏஐ ஏஜென்ட் படிக்கிறதுக்கு.

மைக் செட்காரர்: ஏஜென்ட்டா? கமிஷன் எவ்ளோ?

தம்பி: ஆள் இல்லண்ணே, சாஃப்ட்வேர். "ஞாயித்துக்கிழமை எங்கயாவது கச்சேரி இருக்கா"ன்னு நீங்க கேட்டா, அதுவே டூலைக் கூப்பிட்டுத் தேடிச் சொல்லும். இதுக்குன்னே 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி எம்சிபின்னு ஒரு பொதுமுறையை வெளியிட்டுச்சு. டூலோட பேரு, அது என்ன செய்யும், என்னென்ன விவரம் கொடுக்கணும், இந்த மூணையும் படிச்சுட்டுத்தான் கூப்பிடலாமா வேணாமான்னு ஏஜென்ட் முடிவு பண்ணும்.

மைக் செட்காரர்: என்னைக் கேட்டா சொல்லிட்டுப் போறேன். இந்த ஏரியாவுல பாதி கச்சேரிக்கு மைக் கட்டுறதே நான்தானே.

தம்பி: நீங்க "நம்ம மாத்தூர்ல"ன்னுதானே சொல்வீங்க? அது குழம்பிடும். புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு மாத்தூர். கன்னியாகுமரியில தொட்டிப்பாலம் இருக்கிற மாத்தூர் வேற. அதனால சென்னை, மணலி மண்டலம், மாத்தூர் எம்எம்டிஏன்னு முழுசா எழுதணும்.

மைக் செட்காரர்: நல்லா கீதே! ஆடிக் கூழ் குடிக்கக் கெளம்புனவனைத் தொட்டிப்பாலத்துல கொண்டுபோய் நிறுத்திடும் போல.

தம்பி: தேதியும் அப்படித்தான். 7/8னு போட்டா ஆகஸ்ட் ஏழா, ஜூலை எட்டா? வருஷம், மாசம், நாள்னு அந்த வரிசையில போட்டு, நேரத்துக்குப் பக்கத்துல இந்திய நேரம்னு புரிய +05:30 சேர்க்கணும்.

மைக் செட்காரர்: எங்க ஆளுங்க "ஆடி மூணாம் ஞாயிறு, பொழுது சாஞ்சதும்"பாங்க. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாளுதான் கவசத்தை எடுப்பாங்க. அதெல்லாம் எப்படி எழுதுவ?

தம்பி: மாசத்துல மூணாம் ஞாயிறுன்னு சொல்ல வழி இருக்குண்ணே. ஆனா இங்கிலீஷ் மாசத்துக்குத்தான், ஆடிக்கு இல்ல. பௌர்ணமிக்கும் வழி இல்ல. வருஷா வருஷம் பஞ்சாங்கம் பார்த்துக் கையாலதான் தேதி போடணும்.

மைக் செட்காரர்: நிலாவுலயே சந்திரயானை எறக்கிட்டோம், பௌர்ணமி என்னிக்குன்னு மெஷினுக்கு நாம சொல்லணுமா!

தம்பி: அப்புறம் 'நிலவரம்'னு ஒரு கட்டம். நடக்கும், ரத்து, தள்ளிவைப்பு, தேதி மாற்றம், இதுல ஒண்ணு. தள்ளிவெச்சா பழைய தேதியையும் போடணும். மொட்டையா விட்டா ஏஜென்ட் தானா எதையாவது ஊகிச்சு அடிச்சுச் சொல்லிடும்.

மைக் செட்காரர்: அடேங்கப்பா, எவ்ளோ கரிசனம்! சரி, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புன்னு 2021 ஜனவரி 22 தேதி குறிச்சாங்க. தள்ளிவெச்சாங்க. மறுபடி 2023 செப்டம்பர் 5 குறிச்சாங்க. அதையும் தள்ளிவெச்சாங்க. இது உன் டூல்ல வருமா?

தம்பி: அது வந்து... இசை, நாடகம், விளையாட்டு, உணவுத் திருவிழா, இவ்ளோதான்ணே வகை.

மைக் செட்காரர்: வீட்டு வாசல்ல என்ன வரப்போவுதுன்னு கேக்குற கூட்டம் உனக்கு நிகழ்ச்சி இல்லியா? அதை ஜனங்களுக்கு எப்படித் தெரிவிக்கணும்னு சட்டத்துல இருக்குமே, பாரு.

தம்பி: (தேடுகிறார்) 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. குறைஞ்சது 30 நாள் அவகாசம் கொடுத்து, தேசிய நாளிதழ் ஒண்ணுலயும் வட்டார மொழி நாளிதழ் ஒண்ணுலயும் விளம்பரம் போடணும். நாளிதழ் போகாத ஊரா இருந்தா... தண்டோரா போடணுமாம்ணே!

மைக் செட்காரர்: தண்டோராவை 2022லயே நம்ம அரசாங்கம் வேணாம்னு சொல்லிடுச்சே. வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கன்னாங்க. ஆட்டோவும் ஹாரனும் என்கிட்ட ரெடியா கீது. இன்னிவரைக்கும் ஒரு கருத்துக் கேட்புக்கும் எவனும் கூப்பிடல.

தம்பி: அந்தத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையோட சுருக்கத்தைத் தமிழ்லயும் தரணும்னு இருக்கேண்ணே.

மைக் செட்காரர்: சுருக்கம்தானே? 2020ல அந்தச் சட்டத்தையே மாத்துறதுக்கு வரைவு போட்டப்போ, இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டும் விட்டாங்க. மத்த மொழியிலயும் போடுன்னு டெல்லி ஐகோர்ட் சொல்ல வேண்டியதாச்சு. உன் ஏஜென்ட்டுக்குப் புரியலைன்னா நீ ராத்திரி முழிச்சு எழுத்தை மாத்துற. எங்களுக்குப் புரியலைன்னா, "விளம்பரம் குடுத்தோமே, பாக்கலியா"ன்னு எங்களையே கேக்குறாங்க.

தம்பி: இப்ப நான் என்ன பண்ணணும்ணே?

மைக் செட்காரர்: கருத்துக் கேட்புன்னு ஒரு வகையைச் சேரு. யாரு கட்டுறான், என்ன கட்டுறான், கூட்டம் எங்க, என்னிக்கு எத்தினி மணிக்கு, ஆட்சேபணையை என்னிக்குள்ள எழுதித் தரலாம். அஞ்சே வரி.

தம்பி: ஏஜென்ட்டுக்கு அது தாராளமாப் போதும்ணே.

மைக் செட்காரர்: ஜனத்துக்கும் அதே அஞ்சு வரிதான் தம்பி வேணும். மொதல்ல அவங்களுக்குப் புரியிற மாதிரி எழுதச் சொல்லு. மெஷினு அதைப் பார்த்துத் தானா படிச்சுக்கும்.